சார்லி பூல் குழுவை எப்படிக் கேட்பது

கேள்வி இது: அமெரிக்காவின் தென்பகுதியில் 'ஓல்ட் டைம்' என்று சொல்கிற பழைய தந்தி வாத்தியக் குழு இசையும் புளூகிராஸும் ஒன்றுதானா? வேறு வேறு என்றால், வித்தியாசம் புரிவதற்கு ஒரே ஒரு ஊர்க்குழுவைக் கேட்கச் சொன்னால் யாரைச் சொல்வீர்கள்?

இரண்டும் வேறு. குழு என்றால் பாஞ்சோ வாசித்துப் பாடிய சார்லி பூலும் அவருடைய நார்த் கரோலினா ராம்ப்ளர்ஸும். இதில் எனக்குத் தயக்கமே கிடையாது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூலைப் பற்றி எங்கே தேடினாலும் முதலில் வருவது குடி, அடிதடி, போலீஸ், வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றியது, 39 வயதில் செத்துப்போனது. எல்லாம் நடந்ததுதான். அதையெல்லாம் படித்துவிட்டு ரெகார்டைப் போட்டால், இப்படி வாழ்ந்த ஆளா இவ்வளவு அளந்து வாசித்திருக்கிறார் என்று ஆச்சரியமாக இருக்கும். 1920-களின் குழுக்களில் இவ்வளவு ஒழுங்காக, ஒருவர் இடத்தில் இன்னொருவர் கால் வைக்காமல் வாசித்தவர்கள் ரொம்பக் குறைவு. குடிகாரக் கதைகள் அந்த வேலையை மறைத்துவிட்டன என்பது என் ரொம்ப நாள் வருத்தம். அதனால் இந்தப் பதிலில் கதை கொஞ்சமாகவும் இசை அதிகமாகவும் இருக்கும்.

முதலில் வித்தியாசத்தை முடித்துவிடலாம். புளூகிராஸ் 1940-களில் பில் மன்றோவின் குழுவில் உருவானது. 1945 கடைசியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பாஞ்சோவோடு அந்தக் குழுவில் சேர்ந்த பிறகுதான் இன்று நாம் கேட்கிற வடிவம் வந்தது. அதில் ஒவ்வொருவராக முன்னால் வந்து தன் வித்தையைக் காட்டிக் கைதட்டல் வாங்குவார்கள், மற்றவர்கள் பின்னால் தாங்கிப் பிடிப்பார்கள். ஓல்ட் டைம் அதற்கு ஒரு தலைமுறை முந்தையது, பெரும்பாலும் வீட்டிலும் கொட்டகையிலும் ஆட்டம் ஆடுவதற்காக வாசித்தது. பிடில் மெட்டைச் சொல்லும், பாஞ்சோ அதை ஒட்டியே போகும், கிட்டார் அடியில் தாங்கும். தனி ஆவர்த்தனம் என்று யாருக்கும் கிடையாது. பூலின் குழு இந்த இரண்டாவது வகை, ஆனால் ஆட்டத்தைவிடப் பாட்டை நடுவில் வைத்த குழு. அது முக்கியம், பின்னால் வருகிறேன்.

பிடில் என்பது நம் கச்சேரிகளில் இருக்கும் அதே வயலின்தான், பிடிக்கிற விதமும் வில் போடுகிற விதமும்தான் வேறு. பாஞ்சோ, வட இந்தியாவில் அந்தப் பெயரில் சொல்லும் புல்புல்தாரா இல்லை. வட்டச் சட்டத்தின் மேல் தோலை இழுத்துக் கட்டி, நீளமான கழுத்து வைத்து, ஐந்து தந்தி போட்டது. ஐந்தாவது தந்தி மட்டும் குட்டை. கழுத்தின் பாதியில் ஆரம்பிக்கும். தம்புராவைப் போல அது ஒரே சுருதியில் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும், மெட்டு அதன் கீழே நகரும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் செய்து வாசித்த வாத்தியத்தின் வழிவந்தது அது. வெள்ளைக்கார மலைவாசிகளின் வாத்தியம் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். நேர்மையாகச் சொன்னால் அவர்கள் கைக்கு அது இரண்டாவதாகத்தான் வந்தது.

இப்போது இந்தக் குழுவின் ஊர். வட கரோலினாவின் வடக்கு ஓரத்தில், வர்ஜீனியா எல்லைக்குப் பக்கத்தில், டான் நதியும் ஸ்மித் நதியும் சேரும் இடத்தில் லீக்ஸ்வில், ஸ்ப்ரே, டிரேப்பர் என்று மூன்று மில் ஊர்கள் ஒட்டி ஒட்டி இருந்தன. 1967-ல் மூன்றையும் சேர்த்து ஈடன் என்று பெயர் வைத்தார்கள். ஆற்றுத் தண்ணீரின் விசையை நம்பி அங்கே நூற்பாலைகள் வந்தன. விவசாயம் கட்டுப்படியாகாமல் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வர்ஜீனியா மலைப்பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக இறங்கி வந்து, மில் கட்டிக்கொடுத்த வீட்டில் குடியிருந்து, குழந்தைகள் உட்பட எல்லோரும் மில்லுக்குள் போனார்கள்.

இந்த இசை மலைமேல் தனிக் குடிசைகளில் யார் காற்றும் படாமல் வளர்ந்தது என்ற எண்ணத்தை நான் ஏற்கமாட்டேன். மில் ஊரில்தான் அது குழுவாகத் திரண்டது. காரணம் எளிது: வேறு வேறு மலையிலிருந்து வந்த பிடில்காரரும் பாஞ்சோக்காரரும் அங்கேதான் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தார்கள். வாராவாரம் கையில் காசு வந்தது, அதனால் தபாலில் கிட்டார் வரவழைக்க முடிந்தது, கிராமபோன் வாங்க முடிந்தது. ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனிகளின் நகரத்துப் பாட்டுகள் காதில் விழுந்தன. ஆரம்பகாலத்தில் ரெகார்டு கொடுத்தவர்கள் பட்டியலைப் பார்த்தாலே தெரியும்: 1923-லேயே பதிவு செய்த ஹென்றி விட்டர், வர்ஜீனியாவில் ஃப்ரைஸ் என்ற ஊர் மில் தொழிலாளி. ஸ்ப்ரேக்கு வடக்கே ஃபீல்டேலில் இருந்த கெல்லி ஹாரல் தறி பழுது பார்க்கிறவர்.

பூலும் அப்படித்தான். 1892 மார்ச் 22 அன்று வட கரோலினாவின் ராண்டால்ஃப் கவுண்டியில் (நம் மாவட்டம் போல), மில் வேலை செய்கிற குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே மில். முதல் பாஞ்சோ சுரைக்குடுக்கையில் செய்தது. பிற்பாடு வாங்கிய நல்ல பாஞ்சோ, ஆர்ஃபியம் ரகம், கள்ளச்சாராயம் காய்ச்சி விற்ற காசில் வந்தது. வட கரோலினாவில் 1909-லிருந்தே மதுவிலக்கு இருந்ததால் அந்தத் தொழிலுக்குப் பஞ்சமே இல்லை.

அவர் கையைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். பேஸ்பால் பந்தைக் கையுறை இல்லாமல் பிடிக்கிறேன் என்று பந்தயம் கட்டி, வலதுகையில் கட்டைவிரல் ஒடிந்தது. கை சரியாகக் கூடவில்லை, கடைசி வரை வளைந்தே இருந்தது. மலைப்பக்கத்து வழக்கமான பாணியில் கையைக் குவித்து நகத்தால் தந்தியைக் கீழ்நோக்கி அடிப்பார்கள். பூல் கட்டைவிரலும் இரண்டு விரல்களுமாகச் சேர்த்துத் தந்திகளைக் கிள்ளி வாசித்தார். ஒடிந்த கையால்தான் இந்தப் பாணி வந்தது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பாதிதான் அது. அந்தக் காலத்தில் நகரங்களில் பாஞ்சோவை மேடைக் கச்சேரி வாத்தியமாக வாசிக்கும் ஒரு மரபு இருந்தது, அதில் பெரிய பெயர் ஃப்ரெட் வான் எப்ஸ். அவருடைய ரெகார்டுகளைக் கேட்டு, அந்த மூன்று விரல் நடையைப் பிடிக்கப் பூல் பாடுபட்டார். பியானோ துணையோடு பாஞ்சோ உருப்படிகள் பதிவு செய்தது அந்த ஆசையில்தான். கை வளைந்தது விபத்து, வாசிப்பு உழைப்பு. இந்த இரண்டாவதை யாரும் சொல்வதில்லை.

குழுவின் இரண்டாவது ஆள் போஸி ரோரர், பிடில். 1891-ல் வர்ஜீனியாவின் ஃப்ராங்க்ளின் கவுண்டியில் பிறந்தவர், பிறவியிலேயே பாதம் வளைந்தவர், மேற்கு வர்ஜீனியா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பூல் அவரைச் சந்தித்ததும் அந்தப் பக்கத்தில்தான். 1920-ல் போஸியின் சகோதரி லூ எம்மாவைப் பூல் கல்யாணம் செய்துகொண்டார். ஆக குழு என்பது மைத்துனர் இருவரும் ஒரு கிட்டார்காரரும். கிட்டார் முதலில் நார்மன் உட்லீஃப், அந்த மில் ஊர்ப்பக்கத்துக்காரர்.

மூன்று பேரும் மில்லை விட்டுவிட்டு நியூயார்க் போய், 1925 ஜூலை 27 அன்று கொலம்பியா ரெகார்டு கம்பெனிக்கு நாலு பாட்டுப் பதிவு செய்தார்கள். கிடைத்தது 75 டாலர். அதில் வந்த முதல் ரெகார்டு, ஒரு பக்கம் 'டோன்ட் லெட் யுவர் டீல் கோ டவுன் புளூஸ்', ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. இந்த வகை இசைத்தட்டு சில ஆயிரம் போனாலே கம்பெனிக்குத் திருப்தியாக இருந்த காலம் அது.

சரி, அந்த ரெகார்டில் என்ன இருக்கிறது? இங்கேதான் நிதானமாகக் கேட்க வேண்டும்.

முதலில் மெட்டின் போக்கு. சாதாரணமாக ஒரு பாட்டு சட்ஜமத்தில் ஆரம்பித்து வெளியே போய்த் திரும்பி வரும். இது தொலைவில் ஆரம்பிக்கும். ஆறாவது ஸ்வரத்தின் மேல் கட்டிய கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்), அங்கிருந்து இரண்டாவது, அங்கிருந்து பஞ்சமம், கடைசியில்தான் சட்ஜமம். வந்து சேர்ந்த உடனே மறுபடி தொலைவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும், திரும்பவும் அதே சுற்று. அதனால்தான் பாட்டு முடியவே முடியாது போல, உருண்டுகொண்டே இருப்பது போலத் தோன்றும். இந்தச் சுற்று ராக்டைம் என்ற பழைய அமெரிக்க இசை வகையில் புழங்கியது, கறுப்பின இசைக்காரர்கள் வளர்த்தது. மூன்று தொழிலாளிகள் அதை இவ்வளவு சாவகாசமாகக் கையாளுகிறார்கள்.

அப்புறம் வேலைப் பங்கீடு. போஸியின் பிடிலில் பெரிய வித்தைகள் கிடையாது. நீளமான வில், தெளிவான மெட்டு, அவ்வளவுதான். குரல் வருகிற இடத்தில் குரலுக்கு வழிவிடும், குரல் ஓய்ந்ததும் வந்து மெட்டை ஒரு தரம் சொல்லிவிட்டுப் போகும். பூலின் பாஞ்சோ அடிக்கிற பாஞ்சோ இல்லை. கார்டின் ஸ்வரங்களைப் பிரித்துப் பிரித்து, சீரான துளிகளாகப் போட்டுக்கொண்டே போகும். கிட்டார் தடித்த தந்திகளில் ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்குப் படியிறங்கிப் போய்ச் சேரும். மூன்றும் மூன்று ஸ்தாயியில் இருப்பதால் ஒன்றை ஒன்று மூடவே இல்லை. இதை ஜார்ஜியாவின் ஸ்கில்லட் லிக்கர்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்களும் கொலம்பியாவுக்குத்தான் வாசித்தார்கள்: இரண்டு மூன்று பிடில், நடுவில் கூச்சல், சிரிப்பு, சந்தைக் கூட்டமே உள்ளே புகுந்த மாதிரி. அதுவும் எனக்குப் பிடிக்கும். ஆனால் ராம்ப்ளர்ஸின் சிக்கனம் அங்கே இருக்காது.

பூலின் குரலும் அதே சிக்கனம்தான். கொஞ்சம் மூக்கால், சொற்களை வெட்டி வெட்டி, சில இடங்களில் பாதியை விழுங்கிப் பாடுவார். எவ்வளவு சோகமான பாட்டானாலும் குரலை உருக்கமாட்டார். காலியான பாக்கெட்டைப் பற்றியும் ஜெயிலைப் பற்றியும் செய்தி சொல்வது போலப் பாடிவிட்டுப் போய்விடுவார். என்னைப் பொறுத்தவரை அவருடைய பெரிய பலமே அதுதான்.

1926-ல் கிட்டாருக்கு ராய் ஹார்வி வந்தார். எனக்கு இந்தக் குழுவிலேயே ரொம்பப் பிடித்தவர். மேற்கு வர்ஜீனியாக்காரர், வர்ஜீனியன் ரயில்வேயில் இன்ஜின் ஓட்டியவர். 1920-களின் ஆரம்பத்தில் நடந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் பக்கம் நின்று வேலையை இழந்தார். அதன் பிறகு டிராம் ஓட்டினார், பெக்லி என்ற ஊரில் இசைக்கடையில் வேலை பார்த்தார், கிடைத்ததையெல்லாம் செய்தார். குழுவில் எழுதுவது, தேதி பார்ப்பது, கணக்கு வழக்கு என்று பொறுப்பாக இருந்தவரும் அவர்தான். அவர் வந்த பிறகு தடித்த தந்திகளின் ஓட்டம் கூடிவிட்டது. கார்டு மாறுகிற இடத்துக்கு முன்னால் நாலைந்து ஸ்வரத்தில் ஒரு சின்ன ஓட்டம் போட்டு, அடுத்த கார்டின் வாசலில் சரியாகக் கொண்டுபோய் விடுவார். மூன்று நிமிஷ ரெகார்டு முழுக்க ஒரு இடத்திலும் தவறாது. பிடிலையும் பாஞ்சோவையும் புகழ்ந்து எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அந்தக் குழு தரையில் நின்றது ஹார்வியால் என்பது என் கருத்து.

1926 செப்டம்பரில் பதிவான 'ஒயிட் ஹவுஸ் புளூஸ்' இந்த மூவரின் உச்சம். 1901-ல் பஃபலோ நகரில் ஜனாதிபதி மெக்கின்லி சுடப்பட்டு இறந்த செய்திதான் பாட்டு. சம்பவம் நடந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது, ஆனால் கேட்கும்போது நேற்றுத் தந்தியில் வந்தது போல இருக்கும். பஃபலோவிலிருந்து வாஷிங்டனுக்கு ரயில் ஓடுகிறது, மெக்கின்லி போய்ச் சேர்ந்துவிட்டார், வெள்ளை மாளிகையில் அடுத்த ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வெள்ளிக் குவளையில் குடிக்கிறார். ஒப்பாரி துளியும் இல்லை. பதவி கைமாறுவதைச் சாமானியன் தூரத்தில் நின்று பார்க்கிற பார்வை. பிடில் இங்கே வழக்கத்தைவிட வேகம், ஹார்வியின் கிட்டார் அந்த ரயிலாகவே ஓடும்.

இவர்கள் பாட்டுகளை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதும் முக்கியம். நாட்டுப்புறப் பாட்டு என்று நினைப்பதில் பல, 1890-களில் நகரத்தில் அச்சாகி விற்ற மேடைப்பாட்டுகள். இன்னொரு பெரிய ஊற்று கறுப்பின இசை. 'ராம்ப்ளின் புளூஸ்' என்று பூல் பாடியது கறுப்பின இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டியின் 'பீல் ஸ்ட்ரீட் புளூஸ்' பாட்டின் இன்னொரு வடிவம். அதே கொலம்பியா கம்பெனி கறுப்பினக் கலைஞர்களின் ரெகார்டுகளை 14000 வரிசையிலும், தென்பகுதி வெள்ளையரின் ரெகார்டுகளை 15000 வரிசையிலும் தனித்தனியாகப் பிரித்து விற்றது. இசை அப்படிப் பிரிந்து இருக்கவில்லை. கறுப்பினத் தந்தி வாத்தியக் குழுக்கள் ஊருக்கு ஊர் இருந்தன, ஆனால் கம்பெனிகள் அவர்களிடம் புளூஸ் என்ற சோகப் பாட்டு வகையைத்தான் கேட்டு வாங்கினார்கள். அதனால் அவர்களுடைய பிடில் இசை இசைத்தட்டில் மிகக் குறைவாகவே ஏறியது. ராம்ப்ளர்ஸை ரசிக்கிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

1928-ல் பணத் தகராறில் போஸி பிரிந்தார். அவர் இடத்துக்கு லானி ஆஸ்டின் வந்தார், அதன் பிறகு ஓடெல் ஸ்மித். ஆஸ்டினின் வாசிப்பு போஸியைவிட மென்மை, இன்னும் கொஞ்சம் நகரத்து நயம். பூலுக்கு ஆசை பெரிதாகிக்கொண்டே போனது. இரண்டு பிடில், பியானோ என்று பெரிய குழுவாகப் பதிவு செய்ய நினைத்தார். கொலம்பியாவில் இந்த வகை இசையைக் கவனித்த ஃப்ராங்க் வாக்கர் மறுத்துவிட்டார். விற்கிற மூன்று வாத்திய ஒலியே போதும் என்றார். அதனால் 1929-ல் வேறு கம்பெனிகளுக்கு 'ஹைலாண்டர்ஸ்' என்ற பெயரில் வாசித்தார்கள், பியானோவில் லூசி டெர்ரி. பூலை மலைநாட்டு முரடராகப் பார்க்கிறவர்கள் இந்தப் பதிவுகளைக் கேட்க வேண்டும். அவர் எந்தத் திசையில் போக நினைத்தார் என்பது அதில் தெளிவாகத் தெரியும், கம்பெனி அவரைப் போக விடவில்லை என்பதும் தெரியும்.

அதற்குள் பொருளாதார வீழ்ச்சி வந்துவிட்டது. மில் தொழிலாளிக்குச் சாப்பாட்டுக்கே வழியில்லாதபோது ரெகார்டு யார் வாங்குவார்? கொலம்பியாவுக்கான கடைசிப் பதிவு 1930 செப்டம்பர். அடுத்த வருஷம் ஹாலிவுட்டில் ஒரு படத்துக்கு வாசிக்க அழைப்பு வந்தது. அந்தச் சந்தோஷத்தில் வாரக்கணக்கில் விடாமல் குடித்து, 1931 மே 21 அன்று மாரடைப்பில் ஸ்ப்ரேயில் இறந்தார். போஸி 1936-ல் போனார். ஹார்வி பெக்லியில் போலீஸ் வேலை பார்த்து, பிற்பாடு ஃபுளோரிடாவுக்குப் போய் மறுபடி ரயில்வேயில் சேர்ந்து, 1958 வரை இருந்தார்.

பாட்டுகள் நிற்கவில்லை. 1952-ல் ஹாரி ஸ்மித் பழைய இசைத்தட்டுகளைத் திரட்டி ஃபோக்வேஸ் கம்பெனிக்காகத் தொகுத்ததில் 'ஒயிட் ஹவுஸ் புளூஸ்' இடம்பெற்று, நகரத்து இளைஞர்கள் காதுக்குப் போனது. 1954-ல் பில் மன்றோவே அதைப் புளூகிராஸாகப் பதிவு செய்தார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்விக்கு இந்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்பதைவிட நல்ல பதில் கிடையாது. ஒரே பாட்டுதான், மன்றோவிடம் அது பந்தய வேகத்தில் பறக்கும், ஒவ்வொருவராகப் பாய்ந்து வாசிப்பார்கள். போஸியின் பேரன் முறையில் வரும் கின்னி ரோரர் 1982-ல் பூலின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார், நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர் உழைப்பு. 2009-ல் பாடகர் லவுடன் வெயின்ரைட் பூலின் பாட்டுகளை மையமாக வைத்து வெளியிட்ட தொகுப்புக்கு கிராமி விருது கிடைத்தது. ஈடன் ஊரில் பூல் பெயரில் இசை விழாவும் நடந்திருக்கிறது.

கேட்க ஆரம்பிக்கிறவர்களுக்கு என் யோசனை இது. 1925-ன் முதல் ரெகார்டைத் திரும்பத் திரும்பப் போடுங்கள்: ஒரு தடவை பிடிலை மட்டும், ஒரு தடவை பாஞ்சோவை மட்டும், ஒரு தடவை கிட்டாரின் தடித்த தந்திகளை மட்டும் பின்தொடருங்கள். கீறல் சத்தம் முதல் நிமிஷம் தொந்தரவாக இருக்கும், அப்புறம் காது தானாக ஒதுக்கிவிடும். அடுத்து 'ஒயிட் ஹவுஸ் புளூஸ்', அதன் பிறகு 1930-ல் பாடிய 'இஃப் தி ரிவர் வாஸ் விஸ்கி'. குரல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது, வாசிப்பு எவ்வளவு தளராமல் இருக்கிறது என்று இதில் பாருங்கள். போஸியின் பிடில் பிடித்துப்போனால் 1927-ல் கெல்லி ஹாரலுக்கு அவர் வாசித்ததைத் தேடுங்கள். ஹார்வி பிடித்துப்போனால் லெனர்ட் கோப்லாண்டோடு அவர் சேர்ந்து வாசித்த கிட்டார் ஜோடிப் பதிவுகள் இருக்கின்றன. அங்கே பிடில் கிடையாது, பூல் கிடையாது, இரண்டே கிட்டார்தான். ராம்ப்ளர்ஸ் ரெகார்டுகளில் அடியில் ஓடிக்கொண்டிருந்த கையின் முழு வித்தையையும் அதில் கேட்கலாம்.